காரின் மூக்கு

உணவு இல்லாமல் மனிதன் சில வாரங்கள் உயிர் வாழலாம். நீர் இல்லாமல் சில நாட்கள் தாக்குப்பிடிக்கலாம். காற்று இல்லாமலோ சில நிமிடங்களுக்கு மேல் இயலாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. கணக்கிட்டுப் பாருங்கள் தோழியரே! நிமிடத்திற்கு 7.5 லிட்டர், ஒரு நாளைக்கு 10,800 லிட்டர்! குடிக்கும் நீரைக் காய்ச்சி, வடிகட்டி, மூடி வைக்கிறோம். அரிசியில் கல் பொறுக்குகிறோம். கீரையை மூன்று தண்ணீரில் அலசுகிறோம். இத்தனை ஆயிரம் லிட்டர் காற்றை மட்டும் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறோம்.

தெருப்புழுதியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மூடிய காருக்குள் இருக்கும் காற்றைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுவிட்டால் தூசி வெளியே நின்றுவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதி முழுவதும் ஒரு காகித மடிப்பை நம்பி இருக்கிறது. கடையில் அதைக் கேபின் ஃபில்டர் என்றும், ஒர்க்‌ஷாப்பில் ஏசி ஃபில்டர் என்றும் சொல்வார்கள். நாங்கள் அதற்கு இட்ட பெயர் 'காரின் மூக்கு'. அது எப்படி வேலை செய்கிறது, அதை வீட்டிலேயே நம் கையால் மாற்றுவது எப்படி என்பதை, பத்தாம் வகுப்பு அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் ஐவர் கற்றுக்கொண்டபடி இங்கே எழுதுகிறோம்.

இந்தப் பாடம் எங்களுக்கு வந்த விதம்

எங்கள் ஐவருள் ஒருத்தியின் தம்பிக்கு ஆஸ்துமா உண்டு. அரியலூர் வட்டாரத்துச் சாலைகளை அறிந்தவர்களுக்கு அங்கே பறக்கும் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகும் வழியில் வேலியோரச் செடிகூட வெள்ளையாக நிற்கும். மாதம் ஒருமுறை அவனைத் திருச்சிக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்கள். புழுதி படக்கூடாது என்று போகும்போதும் வரும்போதும் கார்க் கண்ணாடிகளை இறக்குவதே இல்லை. அப்படியும் பாதி வழியிலேயே அவன் தும்மத் தொடங்கிவிடுவான். ஏசியைப் போட்டதும் ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும். காற்றும் சன்னமாகத்தான் வரும். "கேஸ் குறைந்திருக்கும்" என்றார் அவள் அப்பா.

அறிவியல் கண்காட்சிக்காக வடிகட்டிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாங்கள், காரின் ஃபில்டரையும் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டோம். வீட்டில் இருந்த சர்வீஸ் பில்களை அவள் அப்பா எடுத்துக் காட்டினார். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பில்லிலும் 'ஏசி ஃபில்டர் மாற்றம்' என்று எழுதிப் பணமும் வாங்கியிருந்தார்கள். ஆனால் வெளியே வந்த ஃபில்டரின் விளிம்பில் பொறித்திருந்ததோ, அந்த வண்டி வாங்கிய ஆண்டு! கருத்துப் போன மடிப்புகளுக்கிடையே வேப்பங்காம்புகள், இலைத்துகள், ஒரு காக்கை இறகு, எலி கொறித்த அடையாளம். குழந்தைக்கு நல்லது என்று மூடி வைத்த காரில், அவன் மூச்சு விட்ட காற்று மாதந்தோறும் இதன் வழியாகத்தான் வந்திருக்கிறது.

அது எந்த ஒர்க்‌ஷாப் என்பது இங்கே வேண்டாம். ஒருவர் செய்த குறையை அந்தத் தொழில் முழுவதன் மேலும் ஏற்றுவது நியாயம் ஆகாது. ஆனால் ஒன்றை அன்று உணர்ந்தோம். நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் பொருளை நாமே ஒருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவரிடம் யாரும் எளிதில் பொய்க்கணக்கு எழுத மாட்டார்கள்.

நம் மூக்கும் காரின் மூக்கும்

நம் மூக்கில் முதலில் மயிர்கள் உள்ளன. பெரிய தூசியை அவை நிறுத்துகின்றன. அடுத்து ஈரமான சளிப்படலம் இருக்கிறது. தப்பி வந்த தூசி அதில் ஒட்டிக்கொள்கிறது. காரிலும் இதே ஏற்பாடுதான். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் சிறு சிறு துளைகள் கொண்ட தட்டு ஒன்றைக் காணலாம். வெளிக்காற்று அதன் வழியே நுழைகிறது. சருகு போன்ற பெரியவை அங்கேயே நின்றுவிடும். உள்ளே வரும் காற்று ஃபில்டரைக் கடந்து, குளிரூட்டும் சுருள்களுக்கிடையே குளிர்ந்து, நம் முகத்தில் வந்து வீசுகிறது. இதைத் தள்ளும் விசிறிக்குப் புளோயர் என்று பெயர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். காரில் ஏர் ஃபில்டர் என்று இன்னொன்று உண்டு. அது பானெட்டுக்குக் கீழே இருக்கிறது. அது எஞ்சின் மூச்சுவிடும் மூக்கு. நாம் பேசுவது மனிதர்கள் மூச்சுவிடும் மூக்கு. எஞ்சினுடைய மூக்கை எல்லாரும் மறக்காமல் மாற்றுகிறார்கள். அது அடைத்தால் வண்டி இழுக்காது. மனிதருடைய மூக்கு அடைத்தாலோ வண்டி நன்றாகவே ஓடும். அதனால்தான் அது மறக்கப்படுகிறது.

தூசி எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். பூக்களின் மகரந்தம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை. 10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்களைப் பி.எம். 10 என்றும், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றைப் பி.எம். 2.5 என்றும் செய்தித்தாள்களில் எழுதுகிறார்கள். பெரிய துகள்களில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலாகவும் இருமலாகவும் வெளியேறும். பி.எம். 2.5 நுரையீரலின் ஆழம் வரை சென்றுவிடும். லாரி கக்கும் புகையில் இருப்பவை இன்னும் நுண்ணியவை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாகப் பி.எம். 2.5 இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய அரசு 2009-ஆம் ஆண்டு விதித்த அளவு 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு அறிவுறுத்திய அளவு 15 மைக்ரோகிராம். நான்கு மடங்கு வித்தியாசம்! இதிலிருந்தே இந்த நுண்தூசி எவ்வளவு அஞ்சத்தக்கது என்பது விளங்கும்.

காகிதம் தூசியைப் பிடிப்பது எப்படி?

ஃபில்டரும் மாவுச் சல்லடை போன்றதுதான் என்று நாங்கள் எல்லாரும் எண்ணியிருந்தோம். படித்த பிறகுதான் வியப்பு. அதன் இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி, பிடிபடும் பல துகள்களைவிடப் பெரியது! அப்படியானால் எப்படிப் பிடிக்கிறது? நம் பாடப்புத்தகத்து இயற்பியலே இங்கு வேலை செய்கிறது.

முதலாவது, நிலைமம். ஓடும் பேருந்து சடக்கென்று திரும்பினால் நாம் நேராகச் சாய்கிறோம் அல்லவா? காற்று இழையைச் சுற்றி வளைந்து செல்கிறது. கனமான தூசி வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது.

இரண்டாவது, உரசல். சற்றுச் சிறிய துகள் காற்றோடு வளைந்து போனாலும், இழையை உரசிச் செல்லும்போது அதில் மாட்டிக்கொள்கிறது. முள்வேலி ஓரம் நடப்பவரின் தாவணி மாட்டுவதுபோல.

மூன்றாவது, அலைவு. மிக நுண்ணிய துகள் நேராகப் போவதில்லை. காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்க, திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய குழந்தைபோல் அங்குமிங்கும் தள்ளாடுகிறது. 1827-இல் ராபர்ட் பிரௌன் நுண்ணோக்கியில் கண்ட பிரௌனியன் இயக்கம் இதுவே. தள்ளாடும் துகள் ஏதேனும் ஓர் இழையில் இடித்தே தீரும்.

நான்காவது, மின்னூட்டம். சீப்பால் உலர்ந்த தலையை வாரிவிட்டுக் காகிதத் துணுக்கருகே பிடித்தால் துணுக்கு ஓடி வந்து ஒட்டுகிறது. பல ஃபில்டர்களின் செயற்கை இழைகளுக்கு அவ்வாறே நிலையான மின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் நாம் அறிந்த என் 95 முகக்கவசத்தில் இருப்பதும் இந்த உத்திதான்.

பெரியது நிலைமத்தால் சிக்கும். மிகச் சிறியது அலைவால் சிக்கும். இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.3 மைக்ரான் அளவில் உள்ளவையே பிடிப்பதற்கு மிகக் கடினமானவை. மிகச் சிறியதுதான் எளிதில் தப்பும் என்று நினைப்போம்; உண்மை வேறாக இருக்கிறது.

சரி, காகிதத்தை ஏன் மடிக்கிறார்கள்? நாங்கள் ஒரு ஃபில்டரை அளந்தோம். நீளம் 20 செ.மீ., அகலம் 20 செ.மீ.; அதாவது 400 சதுர செ.மீ. அதில் 25 மடிப்புகள். ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. உயரம். ஆகவே காகிதத்தின் மொத்தப் பரப்பு 25 × 2 × 2 × 20 = 2,000 சதுர செ.மீ. அதே இடத்திற்குள் ஐந்து மடங்கு பரப்பு! தூசி தங்க இடம் கூடுகிறது. காற்று போக வழியும் கூடுகிறது. கொசுவம் வைத்த சேலை சிறிய இடுப்பில் அடங்குவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

தேங்காய்ச் சிரட்டையின் உதவி

சில ஃபில்டர்கள் சாம்பல் அல்லது கருப்பு நிறத்தில் இருக்கும். அவற்றில் கிளர்வுற்ற கரி சேர்த்திருக்கிறார்கள். நாற்றமும் சில நச்சு வாயுக்களும் தூசியைப் போல இழையில் சிக்குவதில்லை. கரியின் நுண்துளைகளின் சுவரில் அவை ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். ஒரு கிராம் கிளர்வுற்ற கரியில் உள்ள நுண்துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் 500 சதுர மீட்டருக்கும் மேல் வரும். நம் பள்ளியின் கூடைப்பந்து மைதானத்தைவிடப் பெரிது! இந்தக் கரி செய்யச் சிறந்த மூலப்பொருள்களுள் ஒன்று நாம் அடுப்பில் போடும் தேங்காய்ச் சிரட்டை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் சிரட்டையிலிருந்து இக்கரியைச் செய்து பிற நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

காருடன் தரும் கையேட்டில் இதற்கான காலம் எழுதியிருக்கும். அதுவே முதல் விதி. பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். புழுதிச் சாலையில் ஓடும் காருக்கும், வேப்பமரம் புங்கமரம் போன்றவற்றின் அடியில் நிற்கும் காருக்கும் இன்னும் முன்னதாகவே தேவைப்படும். கீழ்க்கண்ட அடையாளங்களையும் கவனிக்க வேண்டும்.

புளோயரை முழு வேகத்தில் வைத்தாலும் காற்று சன்னமாக வருதல்.
ஏசி போட்டதும் பூஞ்சை நாற்றம் அடித்தல்.
மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறப் பனிப்படலம் விரைவில் விலகாமை.
காரில் ஏறிய சிறிது நேரத்தில் தும்மல், மூக்கடைப்பு.

புதிய சாதாரண ஃபில்டரின் விலை பல கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். கரி சேர்த்தது சற்றுக் கூடுதல். வாங்கும்போது காரின் பெயரும் மாடலும் தயாரித்த ஆண்டும் சொல்ல வேண்டும். ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறலாம். சில பழைய சிறிய கார்களில் ஃபில்டரே இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

மாற்றும் முறை

ஹூண்டாய் ஐ 20, மாருதி ஸ்விஃப்ட் போன்ற பல கார்களில் ஃபில்டர் இருப்பது முன் இருக்கையின் இடப்பக்கம் உள்ள கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். வேறு சில கார்களில் பானெட்டுக்குக் கீழேயோ, டேஷ்போர்டின் அடியிலோ இருக்கும். நாங்கள் செய்தது முதல் வகையில். தேவையானவை: புதிய ஃபில்டர், டார்ச், பழைய செய்தித்தாள், ஈரத்துணி, முகக்கவசம். திருப்புளி தேவைப்படவே இல்லை.

1. வண்டியை நிழலான சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

2. கிளவ் பாக்ஸைத் திறந்து உள்ளிருப்பவற்றை எல்லாம் ஒரு பையில் எடுத்து வைக்க வேண்டும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் தாள்கள் பத்திரம்!

3. பெட்டியின் இரு பக்கச் சுவரிலும் அது முழுவதும் கீழே விழாதபடி தடுக்கும் பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். சில கார்களில் அவற்றைத் திருகி எடுக்க வேண்டும். சிலவற்றில் பக்கச் சுவர்களை உள்நோக்கி மெல்ல அழுத்தினாலே போதும். ஒரு பக்கத்தில் சிறு கயிறோ தண்டோ இணைந்திருந்தால் அதை முதலில் கழற்ற வேண்டும். பெட்டி இப்போது நன்றாகக் கீழே தொங்கும்.

4. உள்ளே டார்ச் அடித்தால் நீள்சதுரமான மூடி ஒன்று தெரியும். அதன் ஓரத்துக் கிளிப்பை அழுத்தி மூடியை எடுக்க வேண்டும். சுற்றியுள்ள ஒயர்களைத் தொட வேண்டாம். குறிப்பாக மஞ்சள் நிற உறையுள்ள ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக் இணைப்பைச் சேர்ந்தவை. அவற்றின் பக்கமே கை போகக்கூடாது.

5. பழைய ஃபில்டரை இழுக்குமுன் அதன் விளிம்பில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு முகக்கவசம் அணிந்து, இட்லித் தட்டை எடுப்பதுபோல் சாய்க்காமல் மெதுவாக இழுக்க வேண்டும். சாய்த்தால் மேலே கிடக்கும் குப்பை புளோயருக்குள் விழுந்துவிடும்.

6. எடுத்ததைத் தட்டி உதறாமல் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

7. ஃபில்டர் இருந்த அறைக்குள் டார்ச் அடித்துச் சருகுகளைக் கையால் பொறுக்கி, ஈரம் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும்.

8. புதிய ஃபில்டரின் விளிம்பில் தேதியையும் கார் ஓடிய கிலோமீட்டரையும் பேனாவால் எழுத வேண்டும். எங்களுக்கு இதுவே மிகமுக்கியமான படியாகத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு யார் திறந்தாலும் உண்மை அங்கே எழுதியிருக்கும்.

9. அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும்படி செருக வேண்டும். ஐ 20 காரில் அது கீழ்நோக்கி இருக்க வேண்டும். சில ஃபில்டர்களில் உள்ள குறி 'இது மேற்பக்கம்' என்று மட்டும் சொல்லும். ஆகவே குறியின் அருகே உள்ள எழுத்தையும் படிக்க வேண்டும். முரண்டு பிடித்தால் அளவோ திசையோ தவறு. பலத்தால் திணிக்க வேண்டாம்.

10. மூடியை 'டக்' என்று ஒலி வரும்வரை அழுத்தி, பெட்டியைப் பழையபடி மாட்டி, புளோயரைக் குறைந்த வேகத்திலிருந்து முழு வேகம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். கரகர ஒலி கேட்டால் ஏதோ உள்ளே கிடக்கிறது என்று பொருள்.

முதல் தடவை எங்களுக்கு 35 நிமிடங்கள் ஆயின. இன்னொருத்தி வீட்டுக் காரில் செய்தபோது 10 நிமிடங்களில் முடித்துவிட்டோம்.

செய்யக்கூடாதவை

பழைய ஃபில்டரைச் சோப்பு நீரில் அலசிக் காயவைத்துப் போடலாமே என்று சிக்கனம் கருதிச் சிலர் கேட்பார்கள். கழுவக்கூடியது என்று எழுதியிருந்தாலன்றி அவ்வாறு செய்யக்கூடாது. காகிதம் ஊறிச் சுருங்கும், மின்னூட்டம் போய்விடும், ஈரம் தங்கிப் பூஞ்சை வளரும். அழுத்தக் காற்றால் ஊதினால் இழைகள் கிழிந்து, பார்வைக்குச் சுத்தமாகவும் உள்ளுக்குள் ஓட்டையாகவும் ஆகிவிடும். ஃபில்டரை எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டுவதும் தவறு. அப்போது தூசி குளிரூட்டும் சுருளில் படிந்து ஈரத்தில் சேறாகும். அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவில் பல ஃபில்டர்கள் வாங்கிவிடலாம்.

மூக்கால் இயலாதவை

எந்தப் பொருளின் பயனை அறிவதோடு அதன் எல்லையையும் அறிவதே அறிவியல். ஃபில்டர் புதிதாக இருந்தாலும் நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை அது நீக்காது. ஏசி விரைவாகக் குளிர வேண்டும் என்று, வெளிக்காற்றை அடைத்து உட்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்துகிறோம். காருக்குள் வளைந்த அம்பு வரைந்திருப்பது அதுதான். இப்போது ஒரு கணக்கு. ஒருவர் வெளிவிடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. 7.5 லிட்டரில் அது 0.3 லிட்டர். நான்கு பேர் பத்து நிமிடத்தில் வெளிவிடுவது 12 லிட்டர். காரின் உட்புறம் ஏறத்தாழ 3,000 லிட்டர் என்று கொண்டால், 0.4 சதவீதம். வெளிக்காற்றில் இருப்பதோ சுமார் 0.04 சதவீதம். பத்தே நிமிடத்தில் பத்து மடங்கு! இடுக்குகள் வழியே சிறிது வெளியேறும் என்பதால் உண்மையில் இவ்வளவு ஏறாது. ஆயினும் நெடுந்தூரப் பயணத்தில் ஓட்டுநருக்குத் தலை பாரமும் தூக்கக் கலக்கமும் வர இது ஒரு காரணம் ஆகலாம். ஆகவே புழுதியான இடத்தைக் கடக்கும்வரை உட்சுழற்சி. கடந்த பின் வெளிக்காற்று என்று மாற்றி மாற்றி வைப்பதே நல்லது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை ஃபில்டர் நிறுத்தாது. கரி சேர்த்த ஃபில்டரும் நிறுத்தாது. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது பிணைகிறது. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் உட்கார்ந்திருப்பதும், ஏசியைப் போட்டுவிட்டு நின்ற காரில் உறங்குவதும் உயிருக்கே ஆபத்து. இதைத் தம்பி தங்கையருக்கும் சொல்லி வையுங்கள்.

தோழியின் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாற்றம் அன்றே போயிற்று. காற்றும் நன்றாக வந்தது. திருச்சிப் பயணத்தில் தும்மல் குறைந்திருக்கிறது என்று அவன் அம்மா சொல்கிறார். ஆஸ்துமா இதனால் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் எழுத மாட்டோம். அதற்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். ஆனால் மருந்து வாங்கப் போகும் வழியிலேயே நோயை வளர்க்கக்கூடாது அல்லவா?

பெண்களுக்கு இது எதற்கு?

நாங்கள் கார் அருகே குனிந்து நின்றபோது, "பொம்பளைப் பிள்ளைகளுக்கு வண்டி வேலை எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு மரியாதையோடு நாங்கள் கூறும் விடை வரலாற்றில் இருக்கிறது.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் மக்கள் அதை நம்பி வாங்க முன்வரவில்லை. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே தம் இரு மகன்களுடன் அவ்வண்டியில் ஏறி மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகரிலிருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். தூரம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். அதுவரை எவரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. மெக்கானிக் என்று ஒருவரும் உலகில் இல்லாத காலம்! தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குழாயைக் குத்திச் சரிசெய்தார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். அந்தப் பயணமே கார் மீது உலகிற்கு நம்பிக்கை வரக் காரணமாயிற்று.

அமெரிக்காவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903-இல் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். பனி மூடிய கண்ணாடியைத் துடைக்க டிராம் ஓட்டுநர் படும் பாட்டைக் கண்டதே அதற்குத் தூண்டுதல். காரின் முதல் அடைப்பை நீக்கியதும் ஒரு பெண். அதன் கண்ணாடியைத் துடைக்க வழி கண்டதும் ஒரு பெண். அதன் மூக்கைத் துடைக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

முடிவாக

கார் இல்லாத வீட்டுத் தோழியர் இதைப் படித்துவிட்டு, 'நமக்கு எதற்கு?' என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். எங்கள் ஐவரில் மூவர் வீட்டில் கார் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மறைந்திருக்கும் ஒரு 'மூக்கு' உண்டு. மின்விசிறி இறக்கையின் மேற்புறம், ஜன்னல் கொசுவலை, சமையலறைப் புகைபோக்கி விசிறி, குடிநீர் ஃபில்டரின் மெழுகுவர்த்தி போன்ற குழல், ஃபிரிட்ஜின் பின்புறக் கம்பிகள் ஆகிய எல்லாமே யாரும் பாராத இடத்தில் அழுக்கைச் சுமந்துகொண்டு நமக்காக உழைப்பவை. கோடை விடுமுறையில் ஒரு நாள், பெரியவர் துணையோடு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அவற்றுள் ஒன்றையேனும் திறந்து பாருங்கள். துடைத்த தேதியை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

காசு கொடுத்தால் வேலை நடந்துவிடும் என்று நம்புவது எளிது. நடந்ததா என்று கண்ணால் பார்ப்பதற்குச் சற்று முயற்சி வேண்டும். நம் வீட்டாரின் ஒவ்வொரு மூச்சும் அந்த முயற்சிக்குத் தகும். ஆகவே தோழியரே, திறந்து பார்ப்போம், தெரிந்துகொள்வோம், நம் கையாலேயே செய்வோம்!